கொடியில் இருப்பவர்

எங்கள் ஊர் வாழவந்தியில் ஐப்பசி மூட்டம் இறங்கிவிட்டால் பெவிகால் காயாது. காலையில் ஒட்டிய தாள் சாயங்காலமும் கையோடு வரும். அதனால் அடுப்புமேடைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வைத்து, அதில் செங்கல் அடுக்கி, செங்கல் இடுக்குகளில் ஈர்க்குச்சிகளை நட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு ஈர்க்கிலும் கட்டைவிரலின் மேல்கணு அளவுக் காகிதக் கொடி. பீஷ்மருக்குப் பனைமரம், துரோணருக்கு வேள்விமேடையும் கமண்டலமும், ஜயத்ரதனுக்கு வெள்ளிப் பன்றி. கடைசியாக அர்ஜுனனுக்கு அனுமன்.

கொடிகளைக் கேட்டவன் தங்கை மகன். இங்கிலாந்தில் வேலை. அங்கே மேசைமேல் சின்னச் சின்ன வீரர்களை அணிவகுத்து, அளவுகோலால் நடையை அளந்து, பகடை உருட்டி வெட்டுப்பட்டவர் யார் என்று தீர்மானித்து ஆடும் போர் விளையாட்டு உண்டு. பொம்மை வீரர்களை வைத்துப் போர் ஆடுவது நூறு வருஷத்துக்கு மேலான பழக்கம். எச்.ஜி. வெல்ஸ் என்ற நாவலாசிரியர் 1913-இலேயே அதற்கு விதி எழுதிப் புத்தகம் போட்டிருக்கிறார். இவனும் நண்பர்களும் குருக்ஷேத்திரம் ஆட ஆசைப்பட்டார்கள். "தேரு கெடைச்சுது, ஆளு கெடைச்சுது, கொடிதான் மாமா கெடைக்கல. நீங்க போர்டு எழுதின கை, பண்ணிக் குடுங்க" என்று தேர்களையும் அனுப்பி வைத்தான். நாற்பது வருஷம் கடைப் பலகையும் கோயில் கொடிப்படமும் எழுதியவன் நான். மூன்று செ.மீ. கொடி என்ன பெரிய வேலை என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில் துணியில்தான் செய்து பார்த்தேன். கொடி என்றால் துணிதானே. மல்மல் துண்டை வெட்டி ஒட்டினால் பலகை மாதிரி விறைத்து நின்றது. ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டபோதுதான் காரணம் தெரிந்தது. பொம்மை 28 மி.மீ.; ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு ஆள். துணியைச் சிறிதாக வெட்டலாம், நூலைச் சிறிதாக்க முடியுமா? கால் மி.மீ. நூல் அந்தப் பொம்மைக்குத் தாம்புக்கயிறு. தாம்புக்கயிற்றில் நெய்த கொடி எந்தக் காற்றில் ஆடும்? நிஜத் துணி அங்கே பொய்யாகிவிடுகிறது. மெல்லிய காகிதம்தான் துணியாகிறது.

காகிதத்தில் செய்யும் முறை இது. ஒரே தாளில் படத்தை இடமும் வலமுமாக இருமுறை வரைந்து, நடுவில் ஈர்க்கை வைத்து மடிக்க வேண்டும். உள்பக்கம் தண்ணீர் விட்ட பெவிகால். அது ஈரமாக இருக்கும்போதே பென்சிலைச் சாய்வாக வைத்துச் சுற்றி, மெல்ல உருவினால் மடிப்பு விழும். மடிப்பு மேல்முனைக் கட்டிலிருந்து கீழ்நோக்கிச் சரிய வேண்டும், ஏனென்றால் துணியின் பாரம் அங்கேதான் தொங்குகிறது. கொடியில் காயும் என் வேட்டியைப் பார்த்துப் பார்த்து அதைக் கற்றேன். காய்ந்ததும் பள்ளத்துக்குக் கொஞ்சம் கரு நிறம், மேட்டுக்குக் கொஞ்சம் வெளுப்பு. முடிவாக, வெட்டிய ஓரம் முழுவதும் வண்ணம் தொட வேண்டும். ஓரத்தில் மயிரிழை வெள்ளை தெரிந்தாலும் அது காகிதம் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

எந்தத் தேருக்கு எந்தக் கொடி என்ற பட்டியல் ஒன்று மகாபாரதத்தின் துரோண பர்வத்தில் வருகிறது. அங்கே என்னை உட்கார வைத்தது கொடிப் பட்டியலைவிட, அதைக் கேட்பவர்தான். இரு பக்கத்துக் கொடிகளும் எப்படி இருந்தன, சொல் சஞ்சயா என்று கேட்கிறார் திருதராஷ்டிரர். பிறவியிலேயே கண் தெரியாதவர். துரியோதனன் கொடியில் அங்கே சொல்லியிருப்பது மணிகள் பதித்த நாகம். வடமொழியில் நாகம் என்றால் பாம்பும்தான், யானையும்தான். கங்குலியின் ஆங்கில மொழிபெயர்ப்பு யானை என்கிறது. நம் கூத்து மேடையில் அவன் அரவக்கொடியோன். நான் பாம்பே போட்டேன். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த கண் யானையை ஏற்கவில்லை.

சிக்கல் அனுமனில் வந்தது. மற்றவை அடையாளங்கள். பனைமரம் பீஷ்மரைக் காட்டும், அவ்வளவுதான். அர்ஜுனன் கொடி அப்படி இல்லை. சௌகந்திகப் பூவைத் தேடிப் போன பீமனுக்கு அனுமனே வாக்குக் கொடுக்கிறார், அர்ஜுனன் கொடியில் இருந்து முழங்குவேன் என்று. ஆகவே அங்கே இருப்பது அனுமனின் படமா, அனுமனா? பல திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கக் கொடியேற்றும்போது அனுமனை எழுதிய கொடிதான் ஏறுகிறது. ஏறும்போது கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்வது படத்தைப் பார்த்து அல்ல.

அந்தச் சின்ன முகத்தை இரண்டு நாள் எழுதினேன். ஒற்றை மயிர்த் தூரிகை, மூச்சை அடக்கிக்கொண்டு. பிறகு பென்சிலில் சுற்றி உருவினேன். மடிப்பு சரியாக முகத்தின்மேல் விழுந்தது. வாலும் கதையும் வெளியே, முகம் உள்ளே. இன்னொன்று செய்தேன், முகம் தெரியும்படி விறைப்பாக. அது காலண்டர் அட்டை மாதிரி இருந்தது. காற்றே இல்லை அதில். முகம் மறைந்த கொடியைத் தள்ளி வைத்துப் பார்த்தால் உயிரோடு படபடத்தது. ஆக, உண்மையாகத் தெரிய வேண்டுமானால் சாமியின் முகம் மறைய வேண்டும். எழுதுகிறவனுக்கு இது சுலபமாகச் செரிக்கிற விஷயமல்ல. ஆனால் கர்ப்பக்கிருகம் இருட்டாகத்தானே இருக்கிறது? கொடிகளைக் கேட்ட அரசருக்குக் கண் தெரியாதே? முகம் இருக்கிறது என்பது எழுதிய எனக்குத் தெரியும். மறைந்த கொடியையே வைத்துக்கொண்டேன்.

கெட்டுப்போன அனுமன்கள் ஏழு சேர்ந்துவிட்டன. குப்பையில் போடப் போனபோது மனைவி தடுத்தாள். "சாமிங்க அது." நான் சொன்னேன், இன்னும் கொடியே ஆகவில்லை, வெறும் காகிதம் என்று. "மஞ்சளப் புடிச்சு வெச்சா புள்ளையாருங்கறோம். புடிக்கறதுக்கு முன்னாடி அது மஞ்சத்தூளு. நீங்க புடிச்சிட்டீங்களே" என்றாள்.

அந்தப் பேச்சை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தில்லையில் ஒருமுறை கொடி ஏறாமல் நின்றதாம். துணி இருந்தது, எழுதிய இடபம் இருந்தது, கயிறு, மரம், மந்திரம் எல்லாம் இருந்தன. தள்ளி வைத்திருந்த உமாபதி சிவத்தை அழைத்து வந்து அவர் பாடிய பிறகே ஏறியது என்பது வரலாறாகச் சொல்லி வருவது. அந்தப் பாட்டுகள்தான் கொடிக்கவி, மெய்கண்ட சாத்திரம் பதினான்கில் ஒன்று. அச்சுப் பிசகாமல் எழுதினாலே படத்தில் ஆள் வந்துவிடுவதில்லை என்று அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். வருவது அழைப்பால். அப்படியானால் ஓரத்து வெள்ளையை ஏன் அத்தனை கவலையோடு மறைத்தேன்? விருந்தாளி வருவார் என்பது நம் கையில் இல்லாவிட்டாலும் திண்ணையைக் கழுவிக் கோலம் போடுகிறோம். தொழிலில் நேர்த்தி என்பது எனக்கு அந்தக் கோலம். அழைத்தவருக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது, முறையாக வழியனுப்புவது. மஞ்சள் பிள்ளையாரை வடக்கே நகர்த்தித் தண்ணீரில் கரைக்கிறோம். ஏழு காகிதங்களையும் வாளித் தண்ணீரில் ஊற வைத்துக் கூழாக்கி, காபிச் செடி மூட்டில் ஊற்றினேன்.

மகாபாரதத்திலும் அந்த வழியனுப்புதல் உண்டு. போர் முடிந்த அன்று கண்ணன் அர்ஜுனனை முதலில் தேரிலிருந்து இறங்கச் சொல்கிறான். பிறகு தான் இறங்குகிறான். கொடியிலிருந்து அனுமன் மறைகிறார். அடுத்த கணம் தேர் எரிந்து சாம்பலாகிறது. துரோணர், கர்ணன் அஸ்திரங்களால் அது எப்போதோ வெந்துபோன தேர். இருந்தவர்கள் இருந்ததால் நின்றது.

அதனால் மற்றக் கொடிகளைத் தேரோடு ஒட்டியவன், அனுமன் கொடியை மட்டும் ஒட்டவில்லை. தேரில் ஊசியால் துளையிட்டு ஈர்க்கைச் செருகி எடுக்கும்படி செய்தேன். பஞ்சில் பொதிந்து அனுப்பும்போது மருமகனுக்கு எழுதினேன்: ஆட்டத்தில் பகடை யாரை ஜெயிக்க வைத்தாலும் சரி, முடிந்ததும் அர்ஜுனனை முதலில் எடு, அப்புறம் கண்ணனை, கடைசியில் கொடியை. "இது வெளையாட்டு மாமா" என்று போனில் சிரித்தான். குருக்ஷேத்திரமே பகடையில் தொடங்கியதுதானே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

தை மாதம் ஒரு படம் அனுப்பினான். மேசை முழுக்கச் சாய்ந்த ஆட்கள், கவிழ்ந்த தேர்கள், பனைக்கொடி மண்ணில். நடுவில் ஒரு தேர் காலியாக நிற்கிறது. அர்ஜுனனும் இல்லை, கண்ணனும் இல்லை. கொடி மட்டும் இருக்கிறது, முகம் மடிப்புக்குள். "எடுக்கறதுக்கு முன்னாடி உங்களுக்குக் காட்டணும்னு தோணுச்சு மாமா" என்று கீழே எழுதியிருந்தான்.