கேலரியின் கடமை

மே மாதம் பிறந்தால் வெயிலுக்குப் பயந்து வண்டிகள் வரிசையாகக் கொடைக்கானலுக்கு ஏறிக்கொண்டிருக்கும். அதே நாட்களில் பழனி மலைத்தொடரின் தென் அடிவாரத்தில், பெரியகுளத்தில், வேறொரு கூட்டம் சேரும். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்க்க வரும் கூட்டம் அது. பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்காக இந்தியக் கடற்படை, விமானப்படை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று பெரிய அணிகளெல்லாம் அந்தச் சின்ன ஊருக்கு வந்து மின்னொளியில் ஆடியிருக்கின்றன. கேலரியில் இருப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்கள், ஒரு காலத்தில் கல்லூரி அணிக்கு ஆடியவர்கள், அப்பாவின் தோளில் உட்கார்ந்து இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியவர்கள். அதனால் ஆட்டம் சூடுபிடித்ததும் அவர்கள் குரலும் உயரும். "இன்னும் ஏன் டைம் அவுட் கேக்காம நிக்கிறாரு?" "அந்த ஏழாம் நம்பரத் தூக்குய்யா மொதல்ல!" "ஜோன் போட்டா எப்படி? ஆளுக்கு ஆள் பிடிக்கச் சொல்லு!"

இந்தக் குரல்கள் ஆட்டத்தின் உயிர். இவை இல்லாத மைதானத்தில் ஆட விளையாட்டு வீரருக்கே பிடிக்காது. ஆனாலும் ஒரு கேள்வியைத் தள்ளிவிட முடியாது. களத்தில் இறங்காத, அணியின் பொறுப்பை ஏற்காத ஒருவருக்குப் பயிற்சியாளரைத் தீர்ப்பிடும் உரிமை எவ்வளவு? அந்த உரிமையோடு சேர்ந்து வரும் கடமை எது?

பயிற்சியாளரின் இடம் எது என்பதே இந்த ஆட்டத்தில் மெல்ல மெல்லத்தான் முடிவானது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பீச் பழக்கூடை இரண்டை மாட்டி, 13 விதிகளை எழுதி இந்த ஆட்டத்தைத் தொடங்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் அடைந்து கிடந்த மாணவர்கள் ஒருவரை ஒருவர் முட்டி மோதிக் காயப்படாமல் ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்பதே நோக்கம். அந்த 13 விதிகளில் பயிற்சியாளர் என்ற பேச்சே இல்லை. பிறகு அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் பயிற்சியாளர்கள் வந்தபோதும், ஆட்டம் நடக்கையில் அவர்கள் ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது என்று விதி வந்தது. 1940களின் இறுதிவரை டைம் அவுட்டின்போதுகூட அவர்கள் தம் ஆட்டக்காரர்களிடம் பேச அனுமதி இல்லை. பயிற்சிக் களத்தில் சொல்லிக் கொடுப்பதோடு ஆசிரியரின் வேலை முடிந்தது, களத்தில் யோசிக்க வேண்டியது மாணவன்தான் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

நெய்ஸ்மித் பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் அணியைப் பார்த்துக்கொண்டார். அவர் காலத்தில் அந்த அணி 55 ஆட்டங்களில் வென்றது, 60 ஆட்டங்களில் தோற்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களிலேயே வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக உள்ளவர் அவர் ஒருவர்தான். கேலரியின் கணக்குப்படி, ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே அந்த வரிசையில் கடைசி. அந்தக் கணக்கை மட்டும் நம்பினால் எவ்வளவு பெரிய விஷயம் கைநழுவிப் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகக் கொடைக்கானலில் 1901இல் பள்ளி தொடங்கியபோது இந்த ஆட்டத்துக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வெளியே வந்தவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களுக்கு ஆட்டங்களை எடுத்துச் சென்றார்கள். ஆகவே நம் ஊரில் கூடைப்பந்துக்குப் பயிற்சியாளர் என்றால் பெரும்பாலும் ஆசிரியர்தான். காலை ஆறு மணிக்கு மைதானத்தைத் திறந்து, பந்துக்குக் காற்றடித்து, பிறகு பள்ளி மணியடித்ததும் வகுப்புக்குப் போகிறவர். அவரைத் தீர்ப்பிடுவது ஓர் ஆசிரியரைத் தீர்ப்பிடுவதுதான்.

தீர்ப்பில் முதல் கோளாறு, முடிவை வைத்து முடிவெடுத்தவரை அளப்பது. மூன்றாம் குவார்ட்டரில் ஓர் அணியின் உயரமான ஆட்டக்காரருக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது விழுந்தால் அவர் வெளியே போக வேண்டும். பயிற்சியாளர் அவரை உட்கார வைக்கிறார். ரீபவுண்ட் எடுக்க ஆளில்லாமல் 12 பாயிண்ட் முன்னிலை 4 ஆகக் குறைகிறது. கேலரி அவரை இறக்கச் சொல்லிக் கத்துகிறது. இறக்கியதும் ஒரே நிமிடத்தில் ஐந்தாவது ஃபவுல். இப்போது அதே கேலரி, "கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு வச்சிருக்க வேணாமா?" என்று கேட்கிறது. இரண்டு கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் பயிற்சியாளர் எடுத்த முடிவு சரியா தவறா என்பது, அந்தக் கணத்தில் அவருக்கு என்ன தெரிந்ததோ அதை வைத்துத்தான் தெரியும். வளையத்தில் சுற்றிய பந்து உள்ளே விழுந்தால் மேதை, வெளியே விழுந்தால் மடையன் என்பது தீர்ப்பு ஆகாது. அது அதிர்ஷ்டத்துக்குக் கொடுக்கும் மரியாதை.

இரண்டாவது கோளாறு, கேலரிக்குத் தெரியாதவற்றின் கனம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் குளிரில் பழகிய பிள்ளைகள் மலையிறங்கி மே மாதப் பெரியகுளத்தில் ஆடும்போது இரண்டாம் பாதியில் கால் கனக்கும், வியர்வையில் உடம்பு வற்றும். சமவெளிப் பிள்ளைகள் மலைக்குப் போனால் மூச்சு முட்டும். சாயங்காலம் மஞ்சு இறங்கியதும் சிமென்ட் தளம் வழுக்கும், பந்தும் கையில் நிற்காது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையனைத் திடீரென்று வெளியே எடுத்ததற்கு முழங்கால் காரணமாக இருக்கலாம், வீட்டில் நடந்த ஒரு துக்கம் காரணமாக இருக்கலாம். பிள்ளையின் நலனுக்காகவே பயிற்சியாளர் அதை வெளியில் சொல்லமாட்டார். சொல்லாமல் ஏச்சு வாங்கிக்கொள்வது அவர் வேலையின் ஒரு பகுதி.

அப்படியானால் கேலரி வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? அதுவும் நியாயம் ஆகாது. நாற்பது வருடம் ஓர் ஆட்டத்தைப் பார்த்தவரின் கண்ணுக்கு மதிப்பு உண்டு. பயிற்சியாளர் பழக்கத்தால் பார்க்கத் தவறியதை அவர் பார்த்திருக்கலாம். தவிர, பயிற்சியாளர் வேலை தனியார் பொழுதுபோக்கும் இல்லை. பள்ளியின் பெயர், ஊரின் பெயர், பிள்ளைகளின் எதிர்காலம் மூன்றும் அதில் இருக்கின்றன. பொதுவில் செய்யும் வேலைக்குப் பொதுவில் கேள்வி வருவது முறைதான். அளவு எது என்பதே பிரச்சினை. கொடைக்கானல் மலைப்பாதையில் போகும் பேருந்தில் எந்த வளைவுக்கு எந்த கியர் என்று பயணி சொல்லிக்கொண்டிருப்பது தப்பு. ஓட்டுநர் போனில் பேசிக்கொண்டே வளைவைத் திருப்பினால் பயணி பேசாமல் இருப்பதும் தப்பு. உத்தி, வேலை தெரிந்தவர் கையில் இருக்கட்டும். நடத்தை எல்லோருக்கும் பொது.

நடப்பதோ தலைகீழ். ஆளைப் பிடிக்காமல் இடத்தைப் பிரித்துக் காக்கும் ஜோனைப் பற்றி, டைம் அவுட் பற்றி, யாரை இறக்குவது என்பதைப் பற்றிப் பேசாத ரசிகர் இல்லை. ஆனால் டைம் அவுட்டில் பயிற்சியாளர் ஒரு பையனின் சட்டையைப் பிடித்து உலுக்கும்போது, எல்லோர் முன்னாலும் ஒரு பெண்ணின் உடம்பைச் சொல்லித் திட்டும்போது, கேலரி வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் திரும்பக்கூடத் தேவையில்லை, அதற்குக் கண்டிப்பு என்று பெயர் வந்துவிடுகிறது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு 1976, 1981, 1987 என மூன்று முறை தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர் பாப் நைட். அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பை முடித்து வெளியேறினார்கள், பலர் கடைசிவரை அவரை நேசித்தார்கள் என்பதும் உண்மை. 1985இல் நடுவர் மேல் கோபம் கொண்டு அவர் ஒரு நாற்காலியைத் தூக்கி ஆடுகளத்தில் வீசினார். 1997இல் பயிற்சியின்போது ஒரு மாணவரின் கழுத்தில் அவர் கை வைத்த காட்சி 2000இல் வீடியோவாக வெளிவந்தது. இனி ஒரு புகார் வந்தாலும் பொறுப்பதில்லை என்று பல்கலைக்கழகம் எச்சரித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் வேறொரு மாணவரின் கையைப் பிடித்து இழுத்ததாகப் புகார் வந்ததும் நீக்கியது. அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டை நோக்கித் திரண்டு போனார்கள். கழுத்தில் கைபட்ட மாணவருக்காக அப்படி ஒரு கூட்டம் திரளவில்லை. மூன்று பட்டங்களின் எடை அவ்வளவு.

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை நம் ஊரில் இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதை நேர்மையாகப் பரிசீலிக்க வேண்டும். கண்டிப்பு இல்லாமல் எந்தக் கலையும் வசப்படாது என்பது சரி. ஆனால் கண்டிப்பும் அவமானப்படுத்துவதும் ஒன்றா? 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்களை அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்கு வாங்கித் தந்தவர் ஜான் வுடன். அவருடைய கடைசிப் பருவமான 1974-75இல், ரொனால்ட் கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் பயிற்சிக் களத்தில் உட்கார்ந்து அவர் செய்த ஒவ்வொன்றையும் குறித்தார்கள். பதிவானவை 2,326. அவற்றில் நான்கில் மூன்று பங்கு வெறும் தகவல்: என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும். பாராட்டு நூற்றுக்கு ஏழு அளவு, அதிருப்தியும் அதே அளவு. ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள், நன்றாக ஆடிவிட்டு வந்த இளைஞர்களை உட்கார வைத்து, காலுறையில் மடிப்பு விழாமல் இழுத்துப் போடுவது எப்படி, ஷூ நாடாவை எப்படிக் கட்டுவது என்று அவர் காட்டிக் கொடுப்பார். மடிப்பு இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போயிற்று என்பது காரணம். அந்த நுணுக்கத்தைவிடக் கடுமையான கண்டிப்பு உண்டா? அதில் ஒருவர் மேலும் கை படவில்லை.

நம் சட்டமும் இதைச் சொல்லியிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வகுப்பறையில் பிரம்பை எடுத்தால் கேள்வி கேட்கும் பெற்றோர் மைதானத்தில் அறை விழுந்தால் "கோச் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். பயமும் ஒரு காரணம். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி சீட்டு, ரயில்வே, வங்கி, காவல்துறை என்று பல கதவுகள் ஒரு சான்றிதழில் திறக்கின்றன. அந்தச் சான்றிதழுக்கு அணியில் இடம் வேண்டும். இடத்தைத் தருபவர் பயிற்சியாளர். ஏழைக் குடும்பம் அவரை எப்படி எதிர்த்துப் பேசும்? பிள்ளை பேச முடியாது, பெற்றோர் பேச முடியாது. எந்த இழப்பும் இல்லாமல் பேசக்கூடியவர் கேலரியில் இருக்கும் ரசிகர் ஒருவர்தான். அவருடைய கடமை இங்கேதான் பிறக்கிறது. "அந்த ஏழாம் நம்பரத் தூக்கு" என்று கத்தும்போது ஒரு பிள்ளையின் பிழைப்பைத் தொடுகிறோம் என்ற நினைப்பும் அதே இடத்தில்தான் வர வேண்டும்.

கேலரியின் கைதட்டலுக்குப் பலன் இல்லாமல் போவதில்லை. அது எதைக் கொண்டாடுகிறதோ அதைத்தான் பயிற்சியாளர் நாளைக்கும் செய்வார். பட்டியலில் 12 பேர் இருக்க, 5 பேரையே கடைசிவரை ஓடவைத்து ஜெயித்த அணிக்கு மட்டும் மாலை போட்டால், மற்ற 7 பேரைத் தயார்செய்யும் பொறுமை யாருக்கு வரும்? தேர்வு முடிவுகள் வரும் நாட்களிலும் இதே கதைதான். நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பேனருக்கு ஊர் கைதட்டும். அந்த நூறு வருவதற்காகப் படிப்பில் பின்தங்கியவர்களை முன்கூட்டியே வெளியேற்றும் பள்ளிகளும் உண்டு. பேனரைப் பார்த்தவர்கள் வெளியேறிய பிள்ளையைப் பார்ப்பதில்லை. வெற்றியை மட்டும் கேட்கும் சமூகத்துக்கு, வெற்றி எந்த விலைக்கு வந்தது என்று சொல்ல யாரும் முன்வரமாட்டார்கள்.

ஆகவே ரசிகர் தம் தீர்ப்பைக் கைவிட வேண்டாம், இடம் மாற்றினால் போதும். ஜோனா, மேன்-டு-மேனா என்ற வாக்குவாதம் ஆட்டம் முடிந்தபின் டீக்கடையில் விடிய விடிய நடக்கட்டும். அது ஆட்டத்தை வளர்க்கும். தோற்ற பயிற்சியாளரைத் தீர்ப்பிடுமுன் அந்தக் கணத்தில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று ஒரு தரம் நினைத்துப் பார்க்கட்டும். போன வருடம் பந்து தட்டத் தெரியாத பையன் இந்த வருடம் இடது கையாலும் தட்டுகிறான் என்றால், அணி தோற்றிருந்தாலும் அந்த வாத்தியாரைத் தேடிப்போய் அதைச் சொல்லட்டும். ஒரு பிள்ளையின் மேல் கையோ கொடுஞ்சொல்லோ விழுந்தால் அதை மட்டும் டீக்கடைக்கு ஒத்திவைக்கக் கூடாது. போட்டி நடத்துபவர்களிடமோ பள்ளி நிர்வாகத்திடமோ அன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டும். நம் அணி தோற்கும்போது அதைச் சொல்வது சுலபம். நம் அணி இருபது பாயிண்ட் முன்னிலையில் இருக்கும்போதும் எழுந்துபோய்ச் சொல்பவரைத்தான் ஆட்டத்தை நேசிப்பவர் என்று சொல்ல முடியும்.