பொட்டு வைக்காத இடம்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மயிலாப்பூர் மாட வீதிகளில் பொரியும் வாழைக்கன்றும் பூசணியும் குவிந்துவிடும். காவல்துறையின் ஆயுதக் கிடங்குகளில் துப்பாக்கிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்குவார்கள். அந்தத் துடைப்பு பூஜைக்கு ஆயத்தமா, அதுவே பூஜையா?

துடைத்த துப்பாக்கியின் குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் பளபளக்கும். ஆனாலும் ரைஃபிள் சிக்கும். தோட்டா உட்காரும் சேம்பர் குழலைவிடச் சற்று அகலம். குழலுக்கு அளவான துணி சேம்பரின் சுவரைச் சரியாகத் தொடாமலே போய்விடும். அங்கே கரி படிந்தால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு ஒட்டிக்கொள்ளும். கூட்டைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நகத்தடியில் பித்தளைத் துகள் சேர்ந்தால் பிடி நழுவும்.

வியட்நாம் போரில் ரைஃபிள் இப்படிச் சிக்கியதற்கு உயிர்கள் பலியாயின. எம்-16 ரைஃபிளுக்குத் துடைப்பு அதிகம் தேவையில்லை என்ற நம்பிக்கையில், பல அமெரிக்க வீரர்களுக்குத் துடைக்கும் சாமான்களே தரப்படவில்லை. வெடிமருந்தையும் மாற்றியிருந்தார்கள். சேம்பருக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. சண்டை நடுவே, சிக்கிய கூட்டைக் குழல் வழியே கம்பியால் குத்தித் தள்ள வேண்டியிருந்தது. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்தது.

துடைப்பே பூஜையா என்ற கேள்விக்கு மயிலையிலேயே ஒரு சாட்சி உண்டு. அங்கே பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் உலாவில் அப்பர் உழவாரத்தோடு வருகிறார். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் கருவி அது. திருப்புகலூரில் செதுக்கும்போது பொன்னும் மணியும் தட்டுப்பட, கல்லோடு கல்லாக அவற்றையும் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். அவருக்கு அந்த வேலையே வழிபாடு. ஏழாம் நூற்றாண்டிலேயே அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு நாள் துடைப்பு போதுமா? சைவ சித்தாந்தம் உயிரின் அழுக்கான ஆணவ மலத்தைச் செம்பின் களிம்புக்கு ஒப்பிடுகிறது. வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, கூடவே இருப்பது. ரைஃபிளையும் அழுக்காக்குவது அதன் தொழிலேதான். சுடும் ஒவ்வொரு முறையும் கரி சேரும். ஆண்டுக்கொரு பூஜை அதற்குக் காணாது.

சந்தனத்தின் ஈரமும் இரும்புக்கு ஆகாது. பொட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டைப் பகுதியில் வைக்கலாம். விஜயதசமி காலையில் அதைத் துடைத்து, போல்ட்டைக் கழற்றி, சேம்பருக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு துப்பாக்கியை அலமாரிக்கு அனுப்பினால் பூஜை முறையாக முடியும்.