கேரியரைப் பிடித்தவர்கள்

பழகிய வட்டத்தை விட்டு வெளியே வா, அப்போதுதான் வளர்வாய் என்று இன்றைய பிள்ளைகளிடம் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அதை நம்புகிறவள்தான். ஆனால் அந்தப் பேச்சில் வருகிற மனிதர் எப்போதும் தனியாகவே இருக்கிறார். தானே முடிவெடுக்கிறார், தானே துணிகிறார், தானே ஜெயிக்கிறார். நான் கண்ணால் பார்த்தது வேறு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் 1991-இல் தொடங்கியது. ஷீலாராணி சுங்கத் அப்போது கலெக்டர். பொழுது சாய்ந்தபின் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன தொண்டர்களில் நானும் ஒருத்தி. எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பாடமாக வைத்தார்கள். அதற்கென்றே பாட்டும் கட்டினார்கள். பஸ் எப்போதாவது எட்டிப்பார்க்கிற ஊரில், அண்ணனோ வீட்டுக்காரரோ கூட்டிப்போனால்தான் ஒரு பெண் வெளியூர் பார்க்க முடியும் என்றால், அவள் படித்த எழுத்து எவ்வளவு தூரம் போகும்?

வற்றிக் கிடந்த கண்மாய்த் தரைதான் நாங்கள் பழகிய இடம். லேடீஸ் சைக்கிள் வேண்டிய அளவு கிடைக்கவில்லை, ஆம்பளை சைக்கிள்தான். குரங்குப் பெடல் போட்டுப் பார்த்திருந்த சின்னப் பெண்கள் சீக்கிரம் ஏறிவிட்டார்கள். முப்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் பெரும்பாடு. எந்தப் பக்கம் வண்டி சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும். உடம்பு அதற்கு ஒப்பாது. எதிர்ப்பக்கம் இழுக்கும், விழும். பயந்து மெதுவாகப் போனால் இன்னும் ஆடும். கொஞ்சம் வேகம் பிடித்தால்தான் நிதானத்துக்கு வரும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூடவே ஓட வேண்டும். "விட்டுராத தாயி, விட்டுராத" என்று கத்திக்கொண்டே மிதிப்பார்கள். நானும் அங்கேதான் பழகினேன். எனக்குக் கேரியர் பிடித்தவர், குவாரியில் கல் உடைத்துவிட்டு வந்து என்னிடம் எழுத்துப் பழகிக்கொண்டிருந்த ஓர் அக்கா. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. பலப்பம் பிடிக்க வராத அந்தக் கை, சைக்கிளை அசையவிடாமல் பிடித்தது.

பிறகு ஆசிரியப் பயிற்சியில் வைகாட்ஸ்கியைப் படித்தேன். 1934-இல் இளவயதிலேயே மறைந்த சோவியத் உளவியலாளர். ஒரு பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், விவரம் தெரிந்தவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, கல்வி நடக்க வேண்டிய இடம் அதுதான் என்பது அவர் கருத்து. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கண்மாய்தான் கண்ணுக்குள் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் விட்டு வந்த வட்டத்தில் சொகுசு ஒன்றும் இருக்கவில்லை. வெயிலில் கல், வீட்டில் அடுப்பு, நடுவில் தண்ணீர்க் குடம். அதை விட்டு வரத் தயங்கினார்கள் என்றால், அங்கே சுகமாக இருந்ததால் அல்ல. ஊர் என்ன சொல்லும் என்பதால். ஊரும் சொல்லத்தான் செய்தது. காது கூசும்படி சொன்னது. ஒருத்தி மட்டும் ஓட்டியிருந்தால் அந்தப் பேச்சு அவளை வீட்டுக்குள் தள்ளியிருக்கும். தெருவே திரண்டு ஓட்டியபோது பேசியவர்களுக்குத்தான் வாய் வலித்தது. 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிளுக்கு வந்துவிட்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் வளர்ச்சி என்று நான் சொல்வது அந்த ஊர்வலத்தை அல்ல. அதற்குப் பிந்தைய சாதாரண நாட்களை. தண்ணீர் கேரியரில் வந்தது. ஆம்பளை சைக்கிளின் பார் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று கண்டுகொண்டு, அதுவே வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. காய்கறியை விற்கப் போகிறவள் பஸ்ஸுக்காகக் காத்துக்கிடக்கவில்லை, இன்னொருவர் வந்து ஏற்றிப்போகட்டும் என்று உட்கார்ந்திருக்கவும் இல்லை. மிச்சமான நேரத்தில் சிலர் படித்தார்கள், சிலர் சும்மா இருந்தார்கள். சும்மா இருக்கக் கிடைத்ததும் எனக்குப் பெரிதாகத்தான் படுகிறது. பழகிய வித்தையால் மறுநாள் காலையில் ஒரு வேலை இலகுவானது. அதனால்தான் அது நிலைத்தது. துணிச்சலுக்காகவே துணிந்து செய்கிற காரியத்துக்கு இந்தப் பிடிமானம் கிடையாது.

இப்போது என்னிடம் படிக்கிற பெண்கள், மேடையில் பேசவோ வெளியூரில் வேலைக்குச் சேரவோ தைரியம் வரவில்லை என்று சொல்லும்போது, நான் தைரியத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "உங்கூட யாரும்மா இருக்கா?" என்றுதான் கேட்கிறேன். சிலர் உடனே ஒரு பெயர் சொல்வார்கள். சிலர் யோசிப்பார்கள். யாரும் இல்லை என்றால், முதலில் அந்த ஆளைத் தேடுவதுதான் எங்கள் இருவருக்கும் வேலை.

அந்த அறிவொளி நாட்களில் எங்கள் வகுப்பில் எழுத்தை எல்லாரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்ட ஒருத்தி இருந்தாள். சைக்கிள் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. வீட்டில் மாமியார், கணவர், கொழுந்தன் எல்லாரும் ஒரே பிடியாக நின்றார்கள். அவளுக்காகப் பேச அந்த வீட்டுக்குள் ஒருவர்கூட இல்லை. நாங்கள் போய்ப் பேசியதும் எடுபடவில்லை. அவள் கடைசிவரை ஏறவில்லை. அவளுக்குத் துணிச்சல் போதவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.