பதிவேட்டில் ஒரு வரி

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்த ‘ட்ரூரோ’ கப்பலிலும், அதன்பின் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற கப்பல்களிலும், ஒப்பந்தக் கூலிகளாகப் பிரயாணப்பட்ட தமிழ்ப் பெண்களின் ஜீவிய சரித்திரத்தைத் தேடுவோர்க்கு, பெயர், வயது, ஜாதி, ஊர், அங்க அடையாளம், தகப்பனார் பெயர் என்று பதிவேட்டில் ஒரு வரியே பெரும்பாலும் அகப்படுகிறது. உடம்பிலுள்ள தழும்புக்குக்கூட இடம் ஒதுக்கிய சர்க்கார், பெற்ற தாயின் பெயருக்கு இடம் வைக்கவில்லை. ஆயினும், அவர்களுக்கு அந்த ஒரு வரியேனும் உண்டு. ஆலை உத்தியோகத்தை நாடிய குடும்பத்தோடு அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் வந்து சேர்ந்த நம் பாட்டிமார் பலருக்கு அதுவும் இல்லை. அவர்கள் பிறந்த ஊரையும், அவர்களைப் பெற்றவளின் பெயரையும், சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.