விலகிப் போகிறவன் எங்கே போகிறான்?

பழகிய வாழ்க்கையை ஒரு பருவத்துக்கேனும் உதறிவிட்டு ஜன நடமாட்டமில்லாத மலையொன்றில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற எண்ணம் எழுதுகிறவர்களிடையே அடிக்கடி தலைதூக்குகிறது. மதுரைக்கு மேற்கே உள்ளவர்களுக்கு அந்த மலை பெரும்பாலும் மேகமலை. ஐப்பசியில் ஏறி, மார்கழிப் பனியைப் பார்த்து, தை கழிந்ததும் இறங்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். உத்தியோகம், வீடு, கடன், இலக்கியச் சண்டை எல்லாம் கீழே நின்றுவிடும். மேலே தானும் தன் பிரக்ஞையும் மட்டும்.

இதைத் தப்பித்தல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் பழக்கத்தின் இரைச்சலில் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை என்று ஒருவன் உணர்வது பொய்யான கஷ்டமல்ல. விலகல் அதற்கு மருந்தாகவும் கூடும். என் கேள்வி வேறு. அவன் விட்டுப்போவது எதை என்பது பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அவன் போய்ச் சேருவது எங்கே?

வாழ்க்கைக்கு வெளியே என்பது அவன் பதில். சின்னமனூரிலிருந்து சாலை ஏறி, ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்தை ஒட்டி மலை சமனப்படும்போது முதலில் கண்ணில் படுவது காடல்ல, தேயிலை. சோலையை வெட்டி நட்ட தேயிலை. ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு என்று பெயர் சொல்லப்படும் இடங்களில் எஸ்டேட்டுகளும் லயன் வீடுகளும் இருக்கின்றன. நீல ஏரிகள் என்று பிரமிக்கப்படுபவை அணைகள். அங்கே தேங்கும் நீர் மலையிறங்கிச் சுருளியாறு மின்நிலையத்தில் மின்சாரமாகிறது. பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாத காலையிலும் பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிக்கிறார்கள். கால் விரலிடுக்கில் அட்டை கடிக்கிறது. பறித்ததை எடை போடுகிறார்கள். விலகி வந்தவன் தன் ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துத் தனிமை என்று எழுதிக்கொள்கிறான். அவனுடைய 'வெளியே' அவர்களுக்கு வார நாள்.

இது மேகமலைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்த ஆசையின் மூலபுருஷராக நாம் வைத்திருக்கும் தோரோ, 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரைக் குடிசையில் குடியேறினார். நிலம் எமர்சனுடையது. மரம் வெட்டக் கோடரி இரவல் வாங்கியது. குளத்தை ஒட்டி ரயில் போயிற்று. இவற்றைச் சொல்லி அவரைக் கேலி செய்வது ஒரு பழைய பொழுதுபோக்கு. கேலி செய்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றை நமக்குச் சொன்னவரே தோரோதான். தம் புத்தகத்தில் குளிர்காலத்துக்கு வரும்போது, அதே காட்டில் தமக்கு முன் வாழ்ந்தவர்களை, அவர்களில் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களை, பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். எஞ்சியிருந்தவை வீடுகள் நின்ற பள்ளங்கள் மட்டுமே. ஆளற்ற இடம் என்று தோன்றியது ஆட்கள் இல்லாமல் ஆகிப்போன இடம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பேர்ட் 1934-ல் அண்டார்க்டிகாவின் குளிர்கால இருளில் தன்னந்தனியே மாதக்கணக்கில் இருந்தார். பூமியில் அதைவிட முழுமையான தனிமையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அடுப்பிலிருந்தும் ரேடியோவுக்கு மின்சாரம் தந்த எஞ்சினிலிருந்தும் கசிந்த புகையின் விஷம் அவரைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோயிற்று. அவர் அனுப்பிய செய்திகள் தடுமாறுவதைத் தொலைவில் இருந்த முகாமில் கவனித்தார்கள். ஆகஸ்டில் மூன்று பேர் பனியைக் கடந்து வந்து சேர்ந்தார்கள். அந்தத் தனிமை, கேட்டுக்கொண்டிருந்த ஒரு காது இருந்ததால் மட்டுமே நமக்குக் கதையாக மிஞ்சியது.

நம் பக்கம் திரும்புவோம். கம்பம் பள்ளத்தாக்கில் இந்த விஷயத்துக்கு இவற்றைவிட மிகப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. மதுரை எரிந்தபின் கண்ணகி மேற்கு வாயில் வழியாக வெளியேறி வைகைக் கரையோடு நடந்து மலையேறுகிறாள். வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினான்காம் நாள் முடிவில் கோவலனோடு வானுலகம் போகிறாள். கூடலூருக்கு மேலே தமிழக, கேரள எல்லையில் இருக்கும் மங்கலதேவி கோட்டத்தை அந்த இடமாக மக்கள் கருதுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று, ஏறிப்போய் வணங்குகிறார்கள்.

ஊரும் உறவும் நீதியும் எல்லாம் அறுந்துபோய் மலைக்குச் சென்றவள் அவள். இதைவிடத் தீவிரமான விலகல் எது? ஆனால் இளங்கோ அவளை ஆளில்லாத காட்டில் நிறுத்தவில்லை. குன்றக் குறவர்கள் அங்கே இருக்கிறார்கள். யார் நீ என்று கேட்கிறார்கள், பதில் பெறுகிறார்கள், அவள் மறைவதைப் பார்க்கிறார்கள், குரவை ஆடுகிறார்கள். பிறகு பேரியாற்றங்கரையில் செங்குட்டுவனிடம் போய்ச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லியிராவிட்டால் கோயில் இல்லை, காப்பியம் இல்லை. விலகிப் போனவளின் கதை, விலகாமல் அங்கேயே இருந்தவர்களின் சாட்சியத்தில் நிற்கிறது. பக்தியை ஒதுக்கிவைத்துக் கட்டமைப்பை மட்டும் பார்த்தாலும் இது சாதாரணமான விஷயமில்லை.

திணைக் கோட்பாட்டையும் இங்கே நினைக்கலாம். குறிஞ்சிக்கு வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. நம் நண்பர்கள் தனிமைக்காகத் தேர்ந்தெடுக்கும் அதே நான்கு மாதங்கள். அந்த நிலத்துக்கும் அந்தப் பொழுதுக்கும் இலக்கணக்காரன் கொடுத்த உரிப்பொருள் புணர்தல். பிரிவைப் பாலைக்கு ஒதுக்கிவிட்டான். பழம்பெருமை பேச இதை இழுக்கவில்லை. மலையும் குளிரும் சேர்ந்தால் தனிமை என்பது இயற்கை நியதியல்ல, நாம் பிற்காலத்தில் கற்றுக்கொண்ட ஒரு பாவனை என்பதற்காகச் சொல்கிறேன். பாவனை என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் பாவனைக்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. காடு பிழைக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. வைகை இந்த மலைத்தொடரில்தான் பிறக்கிறது. காடு போனால் கீழே இருப்பவனுக்குக் குடிக்கத் தண்ணீரில்லை. ஆனால் வருசநாட்டுப் பக்கம் வன எல்லைக்குள் குடியிருந்து பயிர் செய்பவர்களிடம் 'வெளியேறு' என்று சொல்லப்படும் காலத்திலேயே, அமைதியைத் தேடி வருகிறவனுக்கு மலைமேல் அறை வாடகைக்குக் கிடைக்கிறது. காட்டில் வாழ்கிறவன் ஆக்கிரமிப்பாளன், காட்டில் தங்குகிறவன் ரசிகன். இந்தப் பிரிவினை நம் கவிதைகளுக்குள்ளும் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. பனி இருக்கிறது, பாறை இருக்கிறது, 'நான்' இருக்கிறேன். கொழுந்து பறிப்பவளும் பளியரும் இல்லை. சட்டம் செய்கிற வேலையைக் கவிதை படிமத்தால் செய்கிறது.

அப்படியானால் விலகலுக்கு அர்த்தமே இல்லையா? உண்டு என்று நினைக்கிறேன். அது தன்னைக் கண்டடைவதில் இல்லை. தானல்லாத ஒன்றைக் காண்பதில் இருக்கிறது. இதற்கும் மேகமலையிலேயே சாட்சி உண்டு. 1948-ல் இங்கே தோட்டத் தொழிலில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து அதன் உடலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று அதற்குச் சீட்டு எழுதிவைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தவறான பெயரோடு அது கிடந்தது. தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தொங்லோங்யா அதைக் கையிலெடுத்துப் பார்த்தார். வெளியே தெரியும் வால் இல்லை. வெட்டுப்பற்கள் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி மட்டுமே. 1972-ல் அது ஒரு புதிய பேரினம் என்று எழுதினார். சலீம் அலியின் பெயர் அதற்கு வந்தது.

இல்லாத வால் அத்தனை காலமும் இல்லாமல்தான் இருந்தது. பார்க்கிறவன் தனக்குத் தெரிந்த பெயரோடு வந்ததால் அது தட்டுப்படவில்லை. மலைக்குப் போகிற எழுத்தாளனும் அப்படித்தான் சீட்டை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகிறான்: மௌனம், சூன்யம், ஆதி, பிரபஞ்சம். நான்கு மாதம் இருந்தாலும் சீட்டு மாறுவதில்லை. ஹட்டன் வாழ்க்கையைத் துறந்து வந்தவரல்ல, பிழைப்புக்காக வந்தவர். காட்டை அழித்த தொழிலிலும் அவருக்குப் பங்குண்டு. அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. ஆனாலும் தன்னைப் பற்றியதல்லாத ஒன்றை எடுத்துவைத்துப் பிறர் பார்வைக்கு அனுப்பினார். அவர் பார்க்கத் தவறியதை இன்னொருவர் பார்க்க அதனால்தான் முடிந்தது. தனிமையில் கண்டது பொதுவாக ஆவதற்கு நான் அறிந்த வழி இது ஒன்றே.

ஆகவே போகிறவர்கள் போகட்டும். குளிர் சிலருக்குப் புத்தியைத் தெளிவாக்கும். அங்கே எழுதப்போகும் முதல் வரி 'யாருமில்லை' என்று ஆரம்பித்தால், அன்று காலை அடுப்புக்கு விறகு கொண்டுவந்து போட்டது யார், சின்னமனூரிலிருந்து அரிசி யார் முதுகில் ஏறி அறைக்கு வந்தது என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதலாம். அந்த மனிதருக்குக் கவிதையில் இடம் கொடுத்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் இல்லை என்று எழுதாதிருந்தால் போதும்.