ஏழாவதா, முதலாவதா?

நாசரேத்தில் ஓய்வுபெற்ற ஐயர் ஒருவரும், அவரிடம் வேதம் படிக்க வரும் இளைஞர் ஒருவரும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பேசிக்கொண்டது.

சீடன்: ஐயா, பழைய ஆங்கிலிக்கன் முறைப்படி நடக்கும் நற்கருணை ஆராதனையில் ஐயர் பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சபையார் இரக்கம் கேட்டு, இதைக் கைக்கொள்ளும் மனதைத் தாரும் என்று வேண்டுவார்கள். நாலாம் கட்டளைக்கும் அதே வேண்டுதல்தான். ஏழாம் நாளை ஆசரிக்க மனம் தாரும் என்று முதலாம் நாளில் முழங்காலில் நின்று கேட்கிறோம். இது யாருக்குமே இடிக்கவில்லையா?

குரு: இடித்தது, தம்பி. இந்த ஊர்ப் பக்கத்திலேயே ஒருவருக்கு இடித்தது. சட்டாம்பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய்.

சீடன்: அருமைநாயகம் சட்டாம்பிள்ளையா? பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டவர்.

குரு: அவரேதான். உபதேசியாராக இருந்தவர்; மிஷனரியோடு மோதி வெளியேறினார். கால்டுவெல் 1849இல் அவருடைய சமூகத்தாரான சாணார்களைப் பற்றி எழுதிய நூலும் அவரை ரொம்பப் புண்படுத்தியிருந்தது. 1857இல் வெள்ளைக்காரர் பிடியில்லாத ஒரு சபையைத் தொடங்கினார். ஐரோப்பியர் கொண்டுவந்ததை எல்லாம் கழித்துவிட்டால் வேதத்தில் மிஞ்சுவது எது என்பதுதான் அவர் கேள்வி. மிஞ்சியதில் தூபம் இருந்தது, எக்காளம் இருந்தது, சனிக்கிழமையும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் நாள் அட்வெந்து சபையின் மிஷனரிகள் இங்கே வந்தபோது, தாங்கள் சொல்ல வந்ததை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த தமிழர்களைப் பார்த்தார்கள்.

சீடன்: அப்படியானால் அவர் செய்தது சரிதானே?

குரு: ஒரு விஷயத்தில் முழுக்கச் சரி. ஓய்வுநாளை ஏழாம் நாளிலிருந்து முதலாம் நாளுக்கு மாற்று என்று புதிய ஏற்பாட்டில் எங்கேயும் கட்டளை இல்லை. இருக்கிறது என்று சொல்லும் போதகர் யாராவது இருந்தால் வசனத்தைக் காட்டச் சொல். காட்ட மாட்டார்.

சீடன்: வசனம் இல்லை, மாற்றியது மட்டும் உண்மை. மாற்றியவர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன். 321இல் சட்டம் போட்டார்.

குரு: அங்கேதான் நீ சறுக்குகிறாய். கான்ஸ்டன்டைன் 321 மார்ச் மாதம் போட்ட சட்டம் என்ன சொல்கிறது? சூரியனுடைய நாளில் நீதிபதிகளும் நகரவாசிகளும் ஓய்ந்திருக்கட்டும், தொழிற்கூடங்களை மூடட்டும் என்கிறது. விவசாயிக்கு விலக்கு உண்டு; விதைக்கிற பருவம் தப்பிவிடக் கூடாதே. அந்தச் சட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓய்வைக் கொடுத்தது. ஆராதனை அதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த நாளில் இருந்தது. ரோமில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் 150ஐ ஒட்டி எழுதியதைப் பார். சூரியனுடைய நாளில் ஊரிலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஒரே இடத்தில் கூடுகிறார்கள், அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படுகின்றன, பிறகு அப்பமும் ரசமும், திக்கற்றவர்களுக்கும் விதவைகளுக்கும் காணிக்கை என்று வரிசையாகச் சொல்கிறார். கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கும் முந்தின சாட்சி இது. அட்வெந்து சபையிலேயே படித்த ஆய்வாளர்கள் பலர் இந்தக் கான்ஸ்டன்டைன் வாதத்தை வைப்பதில்லை. நம் தெருவில்தான் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சீடன்: வேதத்திலேயே பார்ப்போம், ஐயா. துரோவாவில் வாரத்தின் முதலாம் நாளில் அப்பம் பிட்கக் கூடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரம் சொல்கிறது. எல்லோரும் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அது ராத்திரிக் கூட்டம். யூதக் கணக்கில் நாள் சூரியன் அடைகிறபோது தொடங்குகிறது. ஆகவே முதலாம் நாளின் இரவு என்பது நம் கணக்கில் சனிக்கிழமை இரவு. அடுத்த நாள் ஞாயிறு காலை பவுல் ஆசோ பட்டணத்துக்கு நடந்து புறப்படுகிறார். ஞாயிறு பரிசுத்த நாளாக இருந்தால் அப்படிப் பயணம் போவாரா?

குரு: நல்ல வாதம். லூக்கா எந்தக் கணக்கில் எழுதினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ரோமக் கணக்கென்றால் அது ஞாயிறு இரவு. ஆனால் எது சனி, எது ஞாயிறு என்று எண்ணுவதை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு அந்த அறையைப் பார். மேல்வீடு, விளக்குகள் நிறைய எரிகின்றன. பவுல் நடுராத்திரிவரை பேசுகிறார். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய் மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுகிறான். இவர்கள் ஏன் ராத்திரியில் கூடினார்கள்?

சீடன்: பவுல் மறுநாள் புறப்பட வேண்டியிருந்தது.

குரு: அவர் ஏன் நீட்டிப் பேசினார் என்பதற்கு அது பதில். கூட்டம் ஏன் இருட்டில் தொடங்கியது? பித்தினியாவில் ஆளுநராக இருந்த பிளினி 112ஐ ஒட்டிப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தையும் சேர்த்துப் படி. கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்களாம், கலைந்து போகிறார்களாம், பிறகு சாப்பிடுவதற்காக மறுபடி கூடுகிறார்களாம். இடையில் எங்கே போனார்கள் என்று நினைக்கிறாய்?

சீடன்: வேலைக்கா?

குரு: பிளினி அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ரோமப் பேரரசில் ஞாயிறு வேலை நாள். அடிமையாக இருப்பவன் எஜமானிடம் லீவு கேட்க முடியாது. தச்சன் பட்டறையை மூட முடியாது. அதனால் விடியுமுன், அல்லது விளக்கு வைத்த பிறகு. ஐத்திகு பகலெல்லாம் பாடுபட்ட பையனாக இருக்கலாம் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு. பிரசங்கத்தில் தூங்குகிறவர்களுக்கு அவனை உதாரணம் காட்டித் திட்டுவார்கள். எனக்கு அவன்மேல் இரக்கம்தான் வருகிறது. சரி, அது போகட்டும். நான் சொல்ல வந்தது, ஏறக்குறைய முந்நூறு வருஷம் ஞாயிறு என்பது ஓய்வே இல்லாத ஆராதனை நாளாக இருந்தது. கூடுவது ஒரு காரியம், ஓய்வது வேறொரு காரியம். ஆதிச்சபை உயிர்த்தெழுதலை முன்னிட்டு முதலாம் நாளில் கூடியது. ஓய்வுநாள் கட்டளையை அந்த நாள்மேல் அது ஏற்றவில்லை.

சீடன்: நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள். ஞாயிறு கூடுகிற நாள் என்றால், ஓய்கிற நாள் சனி என்பது அப்படியே நிற்கிறதே! கட்டளையை யாரும் நகர்த்தவில்லை.

குரு: பல இடங்களில் நின்றது. நாலாம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், கிறிஸ்தவர்கள் சனிக்கிழமை ஓய்ந்திருந்து யூதரைப்போல் நடக்கக் கூடாது, அன்றைக்கு வேலை செய்ய வேண்டும் என்று விதி போட்டது. யாருமே செய்யாததைத் தடுக்க யாரும் விதி போடுவதில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் சபைச் சரித்திரம் எழுதிய சாக்ரட்டீஸ், ரோமும் அலெக்சாந்திரியாவும் தவிர ஏறக்குறைய எல்லாச் சபைகளும் சனிக்கிழமையிலும் நற்கருணை கொண்டாடுகின்றன என்கிறார். எத்தியோப்பியாவில் இதற்காகப் பெரிய பிளவே வந்தது. எவொஸ்தாதெவோஸ் என்ற துறவி சனிக்கிழமைக்காக நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. அவருடைய சீடர்கள் விடவில்லை. கடைசியில் 1450இல் அரசர் ஸரா யாக்கோப் சங்கம் கூட்டி, சனி ஞாயிறு இரண்டையும் ஆசரிக்கலாம் என்று முடித்துவைத்தார்.

சீடன்: மேற்கே மட்டும் ஏன் சனி மங்கிப்போயிற்று?

குரு: அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எருசலேம் 70இல் அழிந்தது. 135இல் யூதர்களின் இரண்டாம் கலகமும் நசுக்கப்பட்டது. யூதர் என்று பெயர் எடுப்பது ஆபத்தாகவும் அவமானமாகவும் ஆன காலத்தில், யூதரல்லாத கிறிஸ்தவர்கள் தங்களைப் பிரித்துக் காட்ட முனைந்தார்கள். அந்தப் பிரிப்பில் விசுவாசமும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. வெறுப்பு மட்டுமே காரணம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெறுப்பே இல்லை என்றாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சீடன்: அப்படியிருந்தும் நீங்கள் சனிக்கிழமைக்கு மாறவில்லையே, ஐயா.

குரு: உன்னைத் திருப்பிக் கேட்கிறேன். தேவன் பரிசுத்தமாக்கியது ஏழில் ஒரு நாளையா, குறிப்பிட்ட அந்த ஏழாம் நாளையா?

சீடன்: குறிப்பிட்ட நாளை. ஏழில் ஏதோ ஒன்று என்றால் புதன்கிழமையும் போதுமே. அந்தச் சுழற்சி அறுந்ததும் இல்லை. 1582இல் கிரெகோரி போப் நாட்காட்டியில் பத்து நாளை வெட்டினார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. அப்போதும் வியாழனுக்கு மறுநாள் வெள்ளிதான்.

குரு: ஐரோப்பாவில் அறுந்துபோகவில்லை. சமோவாவில்?

சீடன்: அந்தத் தீவில் என்ன நடந்தது?

குரு: 1892இல் அமெரிக்க வியாபாரத்துக்காகச் சமோவா தேதிக்கோட்டின் கிழக்குப் பக்கத்துக் கணக்கை எடுத்துக்கொண்டது; அந்த வருஷம் ஜூலை 4 அங்கே இரண்டு தடவை வந்தது. 2011இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வியாபாரத்துக்காகத் திரும்பவும் இந்தப் பக்கம் வந்தது. டிசம்பர் 29 வியாழன் இரவு படுத்தவர்கள் 31 சனிக்கிழமை எழுந்தார்கள். வெள்ளிக்கிழமையே கிடையாது. இப்போது நீ அங்கே ஒரு அட்வெந்து விசுவாசி. டிசம்பர் 24 சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரித்தாய். அடுத்தது எப்போது?

சீடன்: விடியல்களை எண்ண வேண்டும். 25, 26, 27, 28, 29... அப்புறம் 31, ஜனவரி 1. ஏழாவது விடியல் ஜனவரி 1. ஐயா, அது ஞாயிற்றுக்கிழமை!

குரு: அங்கே சபைத் தலைமையும் அப்படித்தான் எண்ணியது. ஊர் ஞாயிறு என்று சொல்லும் நாளில் அவர்கள் ஓய்வுநாள் ஆசரிக்கிறார்கள். பக்கத்தில் டோங்காவிலும் அந்தச் சபைக்கு ரொம்பக் காலமாகவே இந்த வழக்கம் உண்டு. ஆனால் சமோவாவில் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை என்று நாடு சொல்லும் நாள்தான் ஏழாம் நாள் என்று பிரிந்துபோனார்கள். இரண்டு கூட்டமும் ஒரே கட்டளையை, ஒரே வசனத்தை, ஒரே பிடிவாதத்தோடு கைக்கொள்கிறது. எது அந்தக் குறிப்பிட்ட நாள்?

சீடன்: ...எண்ணிக்கை அறாமல் வந்ததுதான். அரசாங்கம் பெயரை மாற்றினால் நாள் மாறாது.

குரு: அப்படியானால் கப்பலில் உலகைச் சுற்றுகிறவன்? மகெல்லனோடு புறப்பட்டு மிஞ்சியவர்கள் 1522இல் கேப் வெர்டே தீவுகளில் கரை தொட்டபோது அவர்கள் கணக்கில் புதன், கரையில் வியாழன். ஒரு நாள்கூட விடாமல் எழுதிவந்த பிகஃபெட்டா திகைத்துப்போனார். அறாத எண்ணிக்கைதான் சத்தியம் என்றால் அந்த மாலுமிகள் ஊர் திரும்பிய பிறகும் தனி ஓய்வுநாள் ஆசரிக்க வேண்டும், சொந்தப் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு.

சீடன்: விளிம்பில் வரும் குழப்பத்தைக் காட்டி நடுவை அழிக்கப் பார்க்கிறீர்கள். அந்திக் கருக்கலில் பகலா இரவா என்று தெரியாது. அதற்காக உச்சிவேளையை யாரும் சந்தேகப்படுவதில்லை. நாசரேத்தில் சனிக்கிழமை எது என்பதில் ஒரு குழப்பமும் இல்லை.

குரு: நன்றாகச் சொன்னாய். சனிக்கிழமை இல்லை என்று நான் சாதிக்கவில்லை. சூரியனையோ நிலாவையோ பார்த்து வாரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மாதத்துக்கும் வருஷத்துக்கும் வானத்தில் அடையாளம் உண்டு, வாரத்துக்கு இல்லை. மனிதர்கள் சேர்ந்து எண்ணுவதால்தான் அது இருக்கிறது. ஆகவே ஏழாம் நாளை ஆசரிப்பவன் ஒரு ஜனத்தோடு சேர்ந்துதான் ஆசரிக்கிறான். தனியாளாக நின்று வானத்திலிருந்து அதை எடுத்துக்கொள்ள வழியில்லை.

சீடன்: அதைத்தான் நானும் சொல்கிறேன். இஸ்ரவேல் ஜனம் எண்ணிவந்தது, யூதர்கள் இன்றுவரை எண்ணுகிறார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து எண்ணுகிறேன்.

குரு: அப்படிச் சொன்னால் உன்னோடு எனக்கு வழக்கே இல்லை. லவோதிக்கேயா வெட்டிவிட்டதை நீ ஒட்டவைக்கிறாய். ஆனால் ஒட்டவைக்கும்போது கட்டளையை முழுக்க எடுத்துக்கொள். அது இரண்டு இடத்தில், இரண்டு காரணத்தோடு வருகிறதே?

சீடன்: யாத்திராகமம் இருபதில் காரணம் சிருஷ்டிப்பு, தேவன் ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்தார். உபாகமம் ஐந்தில் காரணம் எகிப்து. நீ அடிமையாய் இருந்ததை நினை, உன்னைப்போல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறது.

குரு: இந்த விவாதம் முழுக்க யாத்திராகமத்தை வைத்தே நடக்கிறது. எந்த நாள் என்று கேட்க அந்தக் காரணம் தோதானது. உபாகமத்தின் காரணம், யார் ஓய்கிறார்கள் என்று கேட்கிறது. லூத்தர் 1529இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் நாள் நம்மைக் கட்டுப்படுத்தாது என்று ஒரே மூச்சில் தள்ளிவிட்டு, வாரமெல்லாம் உழைக்கிற வேலைக்காரர்களுக்கு ஒரு நாள் மூச்சுவிட வேண்டும் என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் பேச்சில் பலவற்றை நான் ஏற்பதில்லை, இதை ஏற்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நமக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வேண்டும். குழம்பு வைப்பது யார், பாத்திரம் தேய்ப்பது யார்?

சீடன்: சனிக்கிழமைக்காரர்கள் அதில் உங்களைவிட மேல். வெள்ளிக்கிழமையை ஆயத்த நாள் என்பார்கள். சூரியன் அடைவதற்குள் சமையல் முடிந்திருக்கும், துணிக்கு இஸ்திரி போட்டாயிற்று, செருப்புக்குப் பாலிஷ் போட்டாயிற்று. மறுநாள் அடுப்படியில் வேலையே இருக்காது. எனக்கு அவர்களிடம் முதலில் பிடித்தது அதுதான்.

குரு: அந்த வெள்ளிக்கிழமை வேலை முழுக்க யார் தலையில்?

சீடன்: ...அம்மாவும் அக்காவும்.

குரு: பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் ஞாயிற்றை முழு ஓய்வுநாளாக்கப் பார்த்தார்கள். நிக்கலஸ் பவுண்ட் 1595இல் அதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். ஜேம்ஸ் ராஜா 1618இல், ஜனங்கள் ஆராதனைக்குப் பிறகு ஆடட்டும், வில் எய்யட்டும் என்று அறிக்கை விட்டார். இரண்டு கட்சியும் உழைக்கிற ஜனத்தின் நாளை அவர்களைக் கேட்காமலே பங்குபோட்டது. எனக்கு இந்தச் சரித்திரத்தில் அதுதான் உறுத்துகிறது.

சீடன்: உறுத்தட்டும், ஐயா. ஆனால் என் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. வேலைக்காரிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அதைச் செவ்வாய்க்கிழமை கொடுத்தாலும் கட்டளை நிறைவேறிவிடுமா?

குரு: நிறைவேறாது. அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் புருஷன் வேலையிலும் இருக்கிற செவ்வாயில் அவளுக்கு என்ன ஓய்வு? எல்லோருக்கும் ஒரே நாள் வேண்டும். அது எந்த நாள் என்பதில் நீ ஏழாவது என்கிறாய். நான் இந்த ஊரில் பள்ளிக்கூடமும் ஆபீசும் மூடியிருக்கிற நாளில் கூடுகிறேன். கர்த்தர் எழுந்த நாளும் அதுவாக இருக்கிறது. என் பக்கம் கட்டளை இல்லை, பழக்கம்தான் இருக்கிறது. பழசான, நல்ல பழக்கம்.

சீடன்: இதைத் திடப்படுத்தல் வகுப்பில் இப்படியே சொல்வீர்களா? ஞாயிறுக்குக் கட்டளை இல்லை என்று?

குரு: அந்த வகுப்பு இப்போது என் கையில் இல்லை. இருந்த காலத்தில் சொல்லவில்லை. அடுத்த தடவை கூப்பிட்டால் சொல்கிறேன். நீ அந்தக் கான்ஸ்டன்டைன் கதையை விட்டுவிடுவாயா?

சீடன்: விட்டுவிடுகிறேன். ஆனாலும் நாளைக்குப் பிரகாசபுரம் போகிறேன், ஐயா.

குரு: போய் வா. சூரியன் அடையப் போகிறது. வீட்டில் அக்காவுக்கு இஸ்திரி வேலை மிச்சம் இருக்கும், கிளம்பு.