மலிவும் அறமும்

ஒருவர் பத்து வெள்ளிக்கு விற்கும் பொருளை மற்றொருவர் ஏழு வெள்ளிக்கு விற்க முன்வந்தால், வாங்குவோர் ஏழு வெள்ளிக் கடையையே நாடுவர். இஃது உலக இயற்கை. அதனால் முதற்கடைக்காரர் தொழிலை இழக்கிறார். அவரிடம் பணிபுரிந்தோர் வாழ்வை இழக்கின்றனர். இவ்விழப்புக்கு யார் பொறுப்பு? மலிவாக விற்றவரா? மலிவை நாடி வாங்கியவரா? அன்றி, எவர்மீதும் குற்றமில்லை என்று கூறி அமைதி கொள்ளலாமா? சந்தை தோன்றிய நாள்முதல் இருந்துவரும் இவ்வினா, இக்காலத்தில் வானவழியிலும் எழுந்துள்ளது.

ஜொகூர் மாநிலத்தின் செனாய் விமான நிலையம் 1974ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நெடுங்காலம் அங்கு வந்து சென்றவை பெரும்பாலும் மாஸ் எனப்படும் மலேசிய விமான நிறுவனத்தின் விமானங்களே. விமானப் பயணம் வசதி படைத்தோர்க்கே உரியது என்று எளிய மக்கள் ஒதுங்கியிருந்த காலம் அது. 2001இல் டோனி பெர்னாண்டசும் அவர்தம் கூட்டாளிகளும், கடனில் மூழ்கியிருந்த ஏர் ஏசியாவை ஒரு வெள்ளி என்னும் பெயரளவு விலைக்கு வாங்கி, அதன் கடன்சுமையையும் ஏற்றனர். 2003இல் செனாய் அந்நிறுவனத்தின் இரண்டாம் தளமாயிற்று. இனி எல்லாரும் பறக்கலாம் என்பது அதன் முழக்கம்.

அம்முழக்கம் வெறும் விளம்பரமாக நின்றுவிடவில்லை. சபா, சரவாக் மாநிலங்களில் பணியமர்த்தப்பட்ட தீபகற்பத்து ஆசிரியர் விடுமுறைக்கு வீடு திரும்பவும், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயிலும் கிழக்கு மலேசிய மாணவர் பெற்றோரைக் காணவும் குறைந்த கட்டணம் வழி வகுத்தது. ஆண்டுக்கு ஒருமுறை தாயின் முகம் கண்ட மகன் இருமுறை காண்பானாயின், அதனை நன்மையன்று எனக் கூற எவர்க்கு மனம் வரும்?

ஆயினும், நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. விமானி ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் பெருந்தொகை செலவிட்டு, பலவேளைகளில் கடன்பட்டு, இத்தொழிலைக் கற்கிறார். ஒருவகை விமானத்தைச் செலுத்தப் பெற்ற தகுதி மற்றொரு வகைக்குப் போதாது. மீண்டும் பயிற்சி பெறல் வேண்டும். பல நிறுவனங்களில் பதவியையும் பணிநேரத்தையும் பணிமூப்பே முடிவு செய்கிறது. எனவே, நடுவயதில் நிறுவனம் மாறுபவர் பட்டியலின் அடியிலிருந்து தொடங்க நேரிடும். வழித்தடம் ஒன்று கைமாறும்போது பயணிக்கு மாறுவது டிக்கெட்டில் உள்ள பெயர் மட்டுமே. விமானிக்கோ வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் கேள்விக்குறியாகின்றன.

இப்போட்டி வெளியிலிருந்து மட்டுமே வருவதும் இல்லை. 2007இல் மாஸ் நிறுவனமே பையர்பிளை என்னும் குறைந்த கட்டண நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 2015இல் மாஸ் மறுசீரமைக்கப்பட்டபோது ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தனர். நீண்டநாள் நட்டமும், 2014இல் நேர்ந்த இரு பேரிடர்களும், கடும் போட்டியும் சேர்ந்து விளைத்த துன்பம் அது. 2020இல் நோய்த்தொற்று பரவியபோது ஏர் ஏசியாவும் ஆட்குறைப்புச் செய்தது. மலிவாக விற்றவரிடம் பணிபுரிவோர்க்கும் நிலையான பாதுகாப்பு இல்லை என்பதை இது காட்டுகிறது.

இனி, மலிவு என்பது ஒரே தன்மையதா என ஆராய்தல் தகும். அதில் இருவகை உண்டு. முதல்வகை, திறமையால் வருவது. ஒரேவகை விமானத்தைப் பயன்படுத்தினால் பழுதுபார்க்கும் செலவும் பயிற்சிச் செலவும் குறையும். தரையிறங்கிய விமானத்தை அரைமணி நேரத்திற்குள் மீண்டும் பறக்கச் செய்தால் ஒரு நாளில் அது பலமுறை பறக்கும். உணவு வேண்டுவோர் மட்டும் அதற்குப் பணம் தந்தால் ஏனையோர் கட்டணம் குறையும். இவற்றில் எவரையும் வஞ்சித்தல் இல்லை. இத்தகைய மலிவால் ஒருவர் தொழிலை இழப்பாராயின், அது வருந்தத்தக்கதே. ஆனால் அநீதி ஆகாது.

இரண்டாம் வகை, பிறர்க்கு உரியதைப் பறிப்பதால் வருவது. அமெரிக்காவில் பெருநிறுவனங்கள் தம் சிறு வழித்தடங்களை வட்டார நிறுவனங்களிடம் ஒப்பந்தத்திற்கு விடுவது வழக்கம். குறைந்த செலவில் பறப்பவர்க்கே ஒப்பந்தம் கிட்டும். 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் அத்தகைய நிறுவனம் ஒன்றின் விமானம் பஃபலோ நகருக்கு அருகில் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். விமானத் தலைவரின் தவறான கையாளுகையே காரணம் என்பது விசாரணையின் முடிபு. அவ்விசாரணை மற்றொன்றையும் வெளிப்படுத்தியது. குறைந்த ஊதியம் பெற்ற துணை விமானி, தம் வீடிருந்த மேற்குக் கரையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். களைப்பு இருவர்தம் திறனையும் குறைத்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர் குறித்தனர். அதன்பின் 2010இல் விமானிகளின் தகுதியை உயர்த்த அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. விமானியின் உறக்கத்தையும் ஊதியத்தையும் குறைத்துப் பெறும் மலிவு, பயணியின் உயிருக்கே ஊறு விளைக்கலாம் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

மலேசிய நாட்டிலும் மற்றொரு பாடம் உண்டு. 2006 ஆகஸ்டு முதல் நாள் உள்நாட்டு வழித்தடங்கள் பங்கிடப்பட்டன. முதன்மை வழித்தடங்கள் மாஸ் நிறுவனத்திடம் நின்றன. ஏனையவை ஏர் ஏசியா தரப்பிற்குச் சென்றன. சபா, சரவாக் உட்பகுதிகளுக்கான சிறு விமானச் சேவை பிளை ஏசியன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பாரியோ போன்ற மலைப்பகுதி மக்களுக்குப் பத்தொன்பது பேர் அமரும் ட்வின் ஒட்டர் விமானம் ஆடம்பரப் பொருளன்று. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் உயிர்வழி. சேவை குறித்து மக்களிடையே குறைகள் எழுந்தன. 2007 அக்டோபர் முதல் நாள், அச்சேவை மாஸ் குழுமத்தைச் சேர்ந்த மாஸ்விங்ஸ் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. அரசு மானியம் அதனைத் தாங்கிற்று. இலாபக் கணக்கில் அடங்காத தேவைகளும் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி எனலாம்.

திருவள்ளுவர் வாணிகர்க்குரிய நெறியைப் பொருட்பாலில் வைத்தாரல்லர். அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். பிறர் பொருளையும் தம்முடையதேபோல் கருதிக் காப்பதே நல்ல வாணிகம் என்பது அவர்தம் கருத்து. விற்பவரையும் வாங்குபவரையும் மட்டும் நோக்காது, இடையில் உழைப்பவரையும் நோக்குவதே நடுவுநிலைமை. உழைப்பும் ஊதியமும் ஓய்வும் பிறர் பொருளே அன்றோ?

எனவே, விமானிக்கு ஒரு வழித்தடத்தின்மீது என்றென்றும் உரிமை இல்லை. ஏழை மகன் பறக்கக் கூடாது என்று தடுக்க அவர்க்கு உரிமை இல்லை. ஆனால், போதிய உறக்கம் பெறவும், தம் தொழிலுக்கேற்ற ஊதியம் பெறவும், வழித்தடம் கைமாறும்போது முன்னறிவிப்பும் மறுபயிற்சியும் பெறவும் அவர்க்கு உரிமை உண்டு. அதுபோன்றே, குறைந்த கட்டணத்தில் பறக்கப் பயணிக்கு உரிமை உண்டு. பிறர் உறக்கத்தை விலையாகக் கொடுத்துப் பறக்க உரிமை இல்லை. இவ்வெல்லையை வரைந்து காத்தல் அரசின் கடன். அவ்வெல்லை எங்குள்ளது என வினவுதல் வாங்குவோரின் கடன்.

மலிவு நல்லதா தீயதா என்று வகுப்பறையில் மாணவர் வினவுவராயின், ஒரு சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. இம்மலிவு எங்கிருந்து வந்தது என்னும் மறுவினாவை அவர்க்குக் கற்பித்தலே நல்லாசிரியர் கடமையாகும்.